மிஞ்சிய மூன்று இயந்திரங்கள் தங்களைச் செய்தவர்களின் சூரியனைக் கண்டுபிடிக்க முடியுமா? (நாவலுக்காக)

கரிசல்காகிதம்:

வணக்கம் நண்பர்களே. அறிவியல் புனைகதை ஒன்றுக்கு உங்கள் கணக்கு உதவி வேண்டும்.

பல ஆயிரமாக இருந்த ஒரு இயந்திர இனம் அழிந்து, மூன்றே மூன்று மிஞ்சியிருக்கின்றன. யார் செய்தார்கள், எங்கிருந்து கிளம்பினோம் என்ற பகுதி மெமரியில் போய்விட்டது. கையில் இருப்பவை: பயனியர் விண்கலத்தில் வைத்தது போன்ற, பல்சார்களை (சீராகத் துடிப்பது போலக் கதிர் வீசும் விண்மீன் எச்சங்கள்) வைத்து வீட்டுச் சூரியனின் இடத்தைக் காட்டும் தகடு ஒன்று, அலுமினிய உடல், சிலிக்கான் சிப்புகள், எப்போதோ தீர்ந்துபோன புளூட்டோனியம் பேட்டரி, துண்டு துண்டாக மிஞ்சிய நிரல். இப்போது வேறு மின்சாரத்தில் ஓடுகின்றன. பயணக் காலம் 10 லட்சம் ஆண்டு என்று வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் 5 கோடியாக மாற்றலாம்.

மூன்றாம் அத்தியாயத்தில் தகட்டைப் படித்து வீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இது நடக்குமா? நடக்காது என்றால் எந்த இடத்தில் உடைகிறது? செய்தவர்கள் நாம்தான், கிரகம் பூமிதான். வாசகருக்குக் கடைசியில்தான் தெரியும். அதனால் நம் எண்களையே போட்டுச் சொல்லுங்கள்.

பல்சார்பாண்டி:

தகட்டிலேயே உடைகிறது.

1972-ல் கிளம்பிய பயனியர் 10, 1973-ல் கிளம்பிய பயனியர் 11 இரண்டிலும் இருப்பது 229-க்கு 152 மி.மீ. அளவுள்ள, 1.27 மி.மீ. கனமான அலுமினியத் தகடு. பிராங்க் டிரேக்கும் கார்ல் சாகனும் வடிவமைத்தது. சூரியனிலிருந்து 15 கோடுகள் விரிகின்றன. 14 கோடுகள் பல்சார்களுக்கு, ஒன்று பால்வெளியின் மையத்துக்கு. ஒவ்வொரு பல்சார் கோட்டிலும் அதன் துடிப்புக் காலம் இரும எண்ணில் பொறித்திருக்கும். அலகு, ஹைட்ரஜன் அணு வெளிவிடும் 1420.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு அதிர்வு, அதாவது 0.704 நானோ வினாடி. அரை வினாடிக்கு ஒருமுறை துடிக்கும் பல்சார் என்றால் சுமார் 71 கோடி அலகு; எழுத 30 இலக்கம் பிடிக்கும்.

இவ்வளவு இலக்கம் எதற்கென்றால், பல்சார் நாளாக ஆக மெதுவாகும். சாதாரணப் பல்சார் ஒன்று ஆண்டுக்கு 32 நானோ வினாடி வரை, அதாவது 45 அலகு மெதுவாகிறது என்று வையுங்கள். தகட்டில் உள்ள எண்ணையும் இன்று அளந்த எண்ணையும் கழித்தால் தகடு செய்த காலம் கிடைக்கும். கேட்கும்போது அழகாகத்தான் இருக்கிறது.

10 லட்சம் ஆண்டுக்கு இது தாங்காது. தகட்டில் உள்ள நண்டு நெபுலா பல்சார் இன்று 33 மில்லி வினாடிக்கு ஒருமுறை துடிக்கிறது. 10,000 ஆண்டிலேயே அந்தக் காலம் 3 முதல் 4 மடங்காகிவிடும். எத்தனை மடங்கு என்பதைத் துல்லியமாகச் சொல்ல அது மெதுவாகும் விதி தெரிந்திருக்க வேண்டும். அதே தகட்டில் உள்ள வேலா பல்சார் இன்னும் மோசம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திடீரென்று பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு வேகம் கூடிக் குதிக்கும். அந்தக் குதிப்புகளை யாரும் எழுதி வைக்கவில்லை என்றால் கணக்கு குட்டிச்சுவர்.

அடுத்தது இடப்பெயர்ச்சி. பல்சார்கள் பிறக்கும்போதே உதைபட்டுக் கிளம்புபவை. வினாடிக்கு 400 கி.மீ. என்பது சாதாரண வேகம். 10 லட்சம் ஆண்டில் அது 1,300 ஒளியாண்டு. வேலா இன்று நமக்கு 1,000 ஒளியாண்டுக்குள் இருக்கிறது. ஆக வரைபடத்தின் புள்ளிகள் வரைபடத்தை விடப் பெரிய தூரம் நகர்ந்திருக்கும். 5 கோடி ஆண்டு என்றால் பேச்சே இல்லை: சாதாரணப் பல்சாரின் வானொலி ஆயுள் ஒரு கோடி ஆண்டு அளவுதான், 14-ல் பலவும் அணைந்திருக்கும்.

மில்லிசெகண்ட் பல்சார், அதாவது சில மில்லி வினாடிக்கு ஒருமுறை துடிக்கும் வகை, போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். பி1937+21 என்ற பல்சாரின் காலம் 1.558 மில்லி வினாடி. 10 லட்சம் ஆண்டில் அது மெதுவாவது வெறும் 3.3 மைக்ரோ வினாடி. ஆனால் அந்த வகையில் முதலாவதான அதைக் கண்டுபிடித்தது 1982-ல். வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் 1977-லேயே போய்விட்டன. உங்கள் இயந்திரங்கள் பிற்காலத்தில் கிளம்பியவை என்றால் தகட்டை மாற்றி எழுதுங்கள். 2017 நவம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த நைசர் எக்ஸ்கதிர்க் கருவி, மில்லிசெகண்ட் பல்சார்களை மட்டும் பார்த்து நிலையத்தின் இடத்தை 16 கி.மீ.க்குள் கணக்கிட்டது. அது 'இப்போது எங்கே இருக்கிறோம்' என்பதற்கு விடை. 'எங்கிருந்து வந்தோம்' என்பதற்கு இல்லை. நாவலில் இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

ஐசோடோப்பு_ஐயாசாமி:

பாண்டி சொன்ன வழி எதிலும், எத்தனை ஆண்டு ஆயிற்று என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அதற்குத் தகடு வேண்டாம். அந்தத் தீர்ந்துபோன பேட்டரியை மட்டும் தூக்கிப் போட விடாதீர்கள்.

வாயேஜரில் அப்படி 3 பேட்டரி. ஒவ்வொன்றிலும் இரிடியம் உறைக்குள் 24 புளூட்டோனியம் ஆக்சைடு உருண்டைகள். புளூட்டோனியம்-238-க்கு அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 87.7 ஆண்டு. அது யுரேனியம்-234 ஆகும், அரை ஆயுள் 2.45 லட்சம் ஆண்டு. அது தோரியம்-230 ஆகும், சுமார் 75 ஆயிரம் ஆண்டு. கடைசியில் ஈயம்-206.

செய்முறை: உருண்டையை அறுத்து, நடுவிலிருந்து சில மில்லிகிராம் எடுக்க வேண்டும். வெளித்தோலை எடுத்தால் வேறு உலோகங்களின் கலப்பு வரும். நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். தோரியம் ஆக்சைடு அதில் மட்டும் ஒழுங்காகக் கரையாது, கொஞ்சம் ஹைட்ரோபுளோரிக் அமிலம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் தோரியம் குறைத்துக் காட்டும், வயது இளமையாக வரும். பிறகு யுரேனியம், தோரியம், ஈயம் மூன்றையும் பிரித்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) விட வேண்டும்.

தோரியத்துக்கும் யுரேனியம்-234-க்கும் உள்ள விகிதம் முதல் 5 லட்சம் ஆண்டு வரைதான் உதவும். அதன்பிறகு விகிதம் அப்படியே நின்றுவிடும். 10 லட்சத்தில் ஈயம்-206-ஐப் பார்க்க வேண்டும். அப்போது யுரேனியம்-234-ல் நூற்றுக்கு 6 பங்கு மிச்சமிருக்கும், தாராளமாக அளக்கலாம். 5 கோடி ஆண்டில் அதுவும் சுத்தமாகப் போயிருக்கும். அங்கே கைகொடுப்பது எரிபொருளில் கலந்திருக்கும் புளூட்டோனியம்-239. அது யுரேனியம்-235 ஆகி நிற்கும், அரை ஆயுள் 70.4 கோடி ஆண்டு. 5 கோடி ஆண்டில் அதில் நூற்றுக்கு 5 பங்கு ஈயம்-207 ஆகியிருக்கும். ஆகக் காலத்தை எதற்கு மாற்றினாலும் ஒரு கடிகாரம் இருக்கிறது. ஒன்று கவனம்: இது காட்டுவது எரிபொருளைக் கடைசியாகச் சுத்திகரித்த நாளை. வழியில் யாராவது பேட்டரி மாற்றியிருந்தால் அந்த நாளைத்தான் காட்டும்.

வாயேஜரில் வைத்த தங்கத்தட்டின் (பூமியின் வாழ்த்துகளும் ஒலிகளும் பதிந்த இசைத்தட்டு) உறையில் இதற்கென்றே யுரேனியம்-238 பூசியிருக்கிறார்கள். கதிரியக்கம் 0.00026 மைக்ரோகியூரி, எடைக்கு மாற்றினால் முக்கால் மில்லிகிராம். 10 லட்சம் ஆண்டில் அதிலிருந்து வரும் ஈயம் சுமார் 0.06 மைக்ரோகிராம். இங்கே ஒரு பொறி உண்டு. சிதைந்த அணுக்களில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் யுரேனியம்-234 ஆகவே நிற்கும், ஈயம் வரை வந்திருக்காது. ஈயத்தை மட்டும் எண்ணினால் வயது பாதியை ஒட்டி வந்து நிற்கும். உங்கள் கதாபாத்திரம் ஒன்று தவறு செய்ய வேண்டுமானால் இங்கே செய்யட்டும்.

உடம்பும் ஒரு கடிகாரம். காஸ்மிக் கதிர் அலுமினியத்தை உடைத்து அலுமினியம்-26, நியான்-21 இரண்டையும் உண்டாக்கும். அலுமினியம்-26-க்கு அரை ஆயுள் 7.17 லட்சம் ஆண்டு. சில அரை ஆயுளில் நிறைந்துவிடும், அதற்குமேல் கூடாது. நியான்-21 சிதையாது, சேர்ந்துகொண்டே போகும். பேட்டரி 10 லட்சம் என்று சொல்லி நியான் 6 லட்சம் என்று சொன்னால், மீதி 4 லட்சம் ஆண்டை இயந்திரம் ஏதோ பாறைக்குள் புதைந்து கழித்திருக்கிறது என்று பொருள். கதைக்கு நல்ல முடிச்சு.

இனி ஊர் விஷயம். சிப்பில் உள்ள ஆக்சைடு படலத்தின் ஆக்சிஜனையும் உடலில் உள்ள கரிமத்தையும் பாருங்கள். நம்மூர்ப் பொருளில் கார்பன் 12-க்கும் 13-க்கும் விகிதம் 89. சூரியனைச் சுற்றியுள்ள விண்மீனிடை வாயுவில் 70-க்குச் சற்றுக் கீழே, பால்வெளி மையத்தருகே 25 அளவு. ஆக்சிஜன் 18-க்கும் 17-க்கும் நமக்கு 5.4, வெளியே 4-ஐ ஒட்டி. இது முகவரி தராது. 'இங்கே செய்ததில்லை' என்று பல இடங்களைத் தள்ளிவிட உதவும்.

இதைவிட எனக்குப் பிடித்தது சால்டர். விண்கலத்தில் சுத்தத் தகரம் போடமாட்டார்கள், தகரத்தில் மீசை போல நுண்கம்பி முளைத்து ஷார்ட் ஆகும். அதனால் ஈயம் கலந்திருக்கும். அந்த ஈயத்தில் 206-க்கும் 204-க்கும் விகிதம் 18 அளவில் வரும். பழைய இரும்பு விண்கற்களில் 9.3. இந்த வித்தியாசத்தைக் கொண்டுதான் 1956-ல் கிளேர் பேட்டர்சன் பூமிக்கு வயது 455 கோடி ஆண்டு என்றார். சால்டர் பொட்டு ஒன்றிலிருந்து செய்தவர்களின் கிரகம் எவ்வளவு பழையது என்று உங்கள் இயந்திரங்கள் கணக்குப் போடலாம்.

வலசை:

ஆண்டு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு பாதையைப் பின்னோக்கி ஓட்டுவோம்.

வினாடிக்கு 1 கி.மீ. வேகப் பிழை 10 லட்சம் ஆண்டில் ஒரு பார்செக் ஆகும், அதாவது 3.3 ஒளியாண்டு. நம் சுற்றுவட்டாரத்தில் கன பார்செக்குக்குத் தோராயமாக 0.1 விண்மீன். ஒரு பார்செக் ஆரமுள்ள கோளத்தில் சராசரியாக ஒன்றுகூட இல்லை. எனவே 10 லட்சம் ஆண்டுக்கு விடை ஏறக்குறைய ஒற்றை விண்மீனாக வரும். ஒரு கோடி ஆண்டு என்றால் ஆரம் 10 பார்செக், உள்ளே 420 விண்மீன். 10 கோடி என்றால் நான்கு லட்சத்துக்கு மேல். 5 கோடியை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. அந்த அளவில் பெரிய வாயு மேகங்களும் சுருள்கரங்களும் பாதையை வளைப்பதையும் சேர்க்க வேண்டும், அதைப் பின்னோக்கிக் கணக்கிட முடியாது.

அந்த 1 கி.மீ. பிழை எங்கிருந்து வருகிறது? விண்மீனின் நிறமாலையிலிருந்து. சூரியன் போன்ற விண்மீனின் ஒளி அதன் ஈர்ப்பிலிருந்து ஏறி வரும்போதே வினாடிக்கு 0.63 கி.மீ. விலகிப்போவது போலக் காட்டும். மேற்பரப்புக் கொதிப்பு அதற்கு எதிர்த்திசையில் இன்னும் கொஞ்சம் காட்டும். இரண்டையும் கழிக்காமல் பின்னோக்கி ஓட்டினால் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்வீர்கள். மாறாக, இயந்திரங்கள் வழியில் சின்னச் சின்னதாகத் திசை திருத்தியதைப் பற்றிக் கவலை வேண்டாம்: வினாடிக்கு 1 மீட்டர் மாற்றம் 10 லட்சம் ஆண்டில் 211 வானியல் அலகுதான் (ஒரு அலகு பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்). கோள் அல்லது விண்மீன் எதையாவது ஒட்டிச் சென்று வேகம் கூட்டியிருந்தால் மட்டும் அந்தக் குறிப்பு கட்டாயம் வேண்டும்.

நிஜத்தில் செய்து பார்த்த கதை, சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வந்த ஓமுவாமுவா என்ற கல். 2017 அக்டோபர் 19 அன்று கண்டது. சூரியனை நெருங்கும் முன் வினாடிக்கு 26 கி.மீ. வேகம். வீணை மண்டலத்தில் வேகா இருக்கும் திசையிலிருந்து வந்தது, ஆனால் அது அங்கே இருந்த காலத்தில் வேகா அங்கே இல்லை. அடுத்த ஆண்டு, விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு பின்னோக்கி ஓட்டியபோது, சுமார் 10 லட்சம் ஆண்டுக்கு முன் ஒரு விண்மீனை 2 ஒளியாண்டில் கடந்தது என்று வந்தது. கடந்த வேகம் வினாடிக்கு 25 கி.மீ. அளவு. பிறந்த வீட்டிலிருந்து தூக்கியெறியப்படும் கல் அவ்வளவு வேகத்தில் கிளம்புவது கடினம். ஆகவே கடந்துபோனது மட்டும்தான். அருகில் போனதா, அங்கிருந்து கிளம்பியதா என்று பிரிக்க வேகத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் இயந்திரங்களுக்கும் இதே சோதனைதான்.

உங்கள் கதையில் வேகமே எழுதவில்லை. வாயேஜர் 1-ன் வேகம், வினாடிக்கு 17 கி.மீ. என்றால் 10 லட்சம் ஆண்டில் வெறும் 57 ஒளியாண்டு. ஒளிவேகத்தில் நூற்றில் ஒரு பங்கு என்றால் 10,000 ஒளியாண்டு. அந்தத் தூரத்தில் பல்சார்களின் கற்றை வேறு பக்கம் வீசும், தகட்டில் உள்ளவற்றில் பெரும்பாலானவை கண்ணிலேயே படாது.

கரிசல்காகிதம்:

அசந்துவிட்டேன். வேகம் 17 கி.மீ., காலம் 10 லட்சம் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். மூன்று பேரின் மெமரியையும் ஒப்பிட்டு அழிந்ததை மீட்க முடியாதா? தங்கத்தட்டில் உள்ள வாழ்த்து மொழிகளைப் பயன்படுத்தலாமா?

பிட்டுக்குப்பிட்டு:

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல. 55 மொழி இருக்கு. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. கடைசி அத்தியாயத்துல இயந்திரம் தமிழ் பேசுற மாதிரி யோசிச்சிருந்தீங்கன்னா அந்த வழி அடைபட்டது.

மெமரி விஷயம். மூணு பேர்ல ரெண்டு பேர் 1-னு சொல்லி ஒருத்தர் 0-னு சொன்னா 1 சரின்னு எடுத்துக்கறது வழக்கம். அதுக்கு மூணு பேரும் தனித்தனியா ஒரே மூலத்துலேர்ந்து நகல் ஆகியிருக்கணும். அ-வும் ஆ-வும் பிற்பாடு ஒரே தாய் இயந்திரத்துலேர்ந்து பிறந்தவைன்னா அந்த ரெண்டு ஓட்டு ஒரு ஓட்டுதான்; தாயோட பிழை ரெண்டுலயும் இருக்கும். அதனால முதல்ல பரம்பரை மரம் போடணும். மூணு ஜோடியிலயும் எத்தனை பிட் வேறுபடுதுன்னு எண்ணுங்க. அ-ஆ 200, அ-இ 900, ஆ-இ 900-னு வந்தா, பிழை எல்லாருக்கும் ஒரே வேகத்துல சேர்ந்திருந்தா, இ தனிக்கிளை. அப்புறம் அ-வும் ஆ-வும் ஒத்துப்போய் இ மட்டும் மாறுற இடத்துல எது மூலம்னு தீர்ப்பு சொல்லவே முடியாது. நாலாவது ஒரு சாட்சி வேணும். உடைஞ்சு கிடக்கற ஒரு செத்த இயந்திரத்தோட ரோம் (அழியாத மெமரி சிப்) போதும். மூணு பேரும் கிளம்பிப் போய்த் தேட வேண்டிய பொருள் இதுதான்னு நினைக்கிறேன்.

இன்னொண்ணு, மெமரி முழுக்க ஒரே மாதிரி அழியாது. 2023 நவம்பர்ல வாயேஜர் 1 உளற ஆரம்பிச்சப்போ, போனது ஒரே ஒரு சிப். அந்தக் கணினியோட மெமரியில நூத்துக்கு 3 பங்கு. அங்க இருந்த நிரலைத் துண்டாக்கி வேற வேற இடத்துல வெச்சு, 2024 ஏப்ரல்ல சரி பண்ணினாங்க. ஆக ஓட்டைகள் கட்டம் கட்டமா இருக்கும். மிச்சக் கட்டத்துல மாறிலிகள் கிடைக்கும். அதுலதான் புதையல்.

86400-னு ஒரு எண், 32768-ங்கற கடிகாரப் படிகத்தோட சேர்ந்து கிடைக்கும். 32768 அதிர்வு ஒரு அலகு, 86400 அலகு ஒரு சுற்று: கிரகத்தோட நாள். படிகம் பழசாகி அதிர்வு மாறியிருக்கும்; அதனால அளந்த அதிர்வை நம்பாதீங்க, வகு எண்ணை நம்புங்க. 31557600 கிடைச்சா அது வருஷம். 9.80665 கிடைச்சா ஈர்ப்பு. அந்தக் குட்டிப் படிகம் 25 டிகிரிக்கு ரெண்டு பக்கமும் மெதுவாகும், ஒரு டிகிரி வர்க்கத்துக்கு பத்து லட்சத்துல 0.034 பங்கு. ஏன் 25-ல உச்சம் வர்ற மாதிரி வெட்டினாங்க? செஞ்சவங்க வீட்டுல அதுதான் வெப்பநிலை. கேமராவுல சிவப்பு, நீலத்தைவிடப் பச்சைக் கட்டம் ரெட்டிப்பா இருக்கும். சிலிக்கான் 1,100 நானோமீட்டர் வரைக்கும் பார்க்கும், ஆனா 700-க்கு மேல வடிகட்டி போட்டு அடைச்சிருக்காங்க. அதுக்கு மேல பார்க்க அவங்களுக்குக் கண்ணு இல்லை.

சோலார் பேனல் துண்டு ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது. விண்வெளியில சதுர மீட்டருக்கு 1,361 வாட், தரையில 1,000 வாட்னு ரெண்டு எண் இருக்கும். வித்தியாசம் காற்று மண்டலம். வெளிச்சமும் வருஷமும் தெரிஞ்சா விண்மீனோட நிறை வந்துடும்: ஒளி நிறையோட நாலாவது அடுக்குல கூடும், சுற்றுப்பாதை தூரம் கெப்ளர் விதிப்படி. ரெண்டையும் சேர்த்தா ஒரே ஒரு நிறைதான் பொருந்தும். அது ஜி வகை, அதாவது சூரியன் மாதிரி மஞ்சள் விண்மீன். விண்மீன்கள்ல நூத்துக்கு 7 அளவுதான் அந்த வகை. வலசை சொன்ன 420 முப்பதா சுருங்கும்.

ஐசோடோப்பு_ஐயாசாமி:

நாலாவது அடுக்கு முதன்மை வரிசை விண்மீனுக்கு (நடுவில் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருப்பது) மட்டும், அதுவும் தோராயம். வயதாக ஆக ஒளி கூடும். சூரியனே பிறந்தபோது இப்போதையதில் 70 சதவீதம்தான். ஈயத்திலிருந்து வந்த கிரக வயதை இங்கே கொண்டுவந்து போட்டால் நிறை இன்னும் இறுகும்.

கரிசல்காகிதம்:

அப்படியானால் தகட்டைக் கதையிலிருந்து எடுத்துவிடவா?

பல்சார்பாண்டி:

எடுக்காதீர்கள். பால்வெளி மையத்தைக் காட்டும் 15-வது கோடு பல்சார்களை நம்பி இல்லை. 17 கி.மீ. வேகத்தில் 57 ஒளியாண்டு போனவர்களுக்கு, 26,000 ஒளியாண்டில் உள்ள மையத்தின் தூரம் மாறியதாகவே தெரியாது. மற்றக் கோடுகளின் நீளத்துக்கு அது அளவுகோல்.

தவிர, ஐயாசாமி சொன்ன நியான்-21 சோதனைக்குத் தகடே நல்ல மாதிரி. கனம் 1.27 மி.மீ. என்று சீராக இருக்கும், மேலே வேறு மறைப்பு எவ்வளவு என்று எளிதில் கணக்கிடலாம். மெல்லிய தகட்டில் இரண்டாம் நிலைத் துகள்கள் குறைவு என்பதால் விண்கல்லுக்கான உற்பத்தி விகிதத்தை அப்படியே போடக்கூடாது, குறைத்துப் போட வேண்டும். ஒரு சதுர செ.மீ. வெட்டினால் 0.34 கிராம் வரும், அது போதும். கோடு எதுவும் இல்லாத மூலையில் வெட்டச் சொல்லுங்கள்.